ஆன்லைன் கிளாஸுக்கு எந்த மென்பொருள் சரி? கல்லூரிகள் முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

மழைக்கு கல்லூரிக்கு லீவு விட்டாச்சு. ஆனால் முழுசா சந்தோஷப்பட முடியாது. கொஞ்ச நேரத்திலேயே வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழும். "9.30-க்கு ஆன்லைன் கிளாஸ். எல்லோரும் கேமரா ஆன் செய்யவும்."

கொரோனா காலத்தில் அவசரத்துக்குத் தொடங்கிய பழக்கம் இது. இப்போது மழை விடுமுறை, ஸ்பெஷல் கிளாஸ், வெளியூர் பேராசிரியரின் சிறப்புரை, தொலைநிலைக் கல்வி என்று நிரந்தரமாகிவிட்டது. நேரடி வகுப்போடு ஆன்லைனையும் கலந்து நடத்தும் முறைக்கு 2021 மே மாதம் யுஜிசி வெளியிட்ட கருத்துரு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்றது.

ஆனால் அந்த வகுப்பை எந்த மென்பொருளில் நடத்துவது? பல இடங்களில் இதை முடிவு செய்வது, நல்ல வைஃபை உள்ள அறையில் காட்டப்படும் ஒரு டெமோதான். அங்கே எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் ஓடும். உண்மையான சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மீட்டிங் வேறு, வகுப்பு வேறு

ஆபீஸ் மீட்டிங்கில் பத்து பேர் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். வகுப்பு அப்படியில்லை. ஒருவர் விளக்க, 60 பேர் கேட்க வேண்டும். நடுவில் சந்தேகம் வரும். போர்டில் எழுதிக் காட்ட வேண்டும். புரிந்ததா என்று உடனே தெரிய வேண்டும். வராதவர் பிறகு பார்க்க வேண்டும். இதே 60 பேர் நாளைக்கும் வருவார்கள்.

அதனால் "வீடியோ தெளிவா இருக்கா?" என்ற ஒரே கேள்வியோடு மென்பொருளைத் தேர்வு செய்தால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

முதல் கேள்வி: ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேட்டா?

பெரும்பாலான மாணவர்கள் வகுப்பைப் பார்ப்பது போனில், மொபைல் டேட்டாவில். எனவே கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜூம் நிறுவனம் வெளியிட்டுள்ள அளவுகளையே எடுத்துக்கொள்வோம். பலர் பங்கேற்கும் நல்ல தரமான வீடியோ அழைப்பில், நம் கேமரா காட்சியை அனுப்ப நொடிக்கு சுமார் 1 மெகாபிட் வேகம் தேவை. மற்றவர்களின் காட்சியைப் பெற சுமார் 600 கிலோபிட் தேவை. ஆடியோவுக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். ஸ்லைடை மட்டும் திரையில் பகிர்ந்தால் 50 முதல் 75 கிலோபிட்.

இதை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால்:

• கேமரா ஆன் செய்து, வீடியோவும் பார்த்தால்: சுமார் 720 எம்பி
• தன் கேமராவை ஆஃப் செய்து, வீடியோ மட்டும் பார்த்தால்: சுமார் 270 எம்பி
• ஆடியோவும் ஸ்லைடும் மட்டும் என்றால்: சுமார் 70 எம்பி

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் மாணவர், கேமராவை ஆன் செய்தபடி இரண்டு மணி நேரம்தான் தாக்குப்பிடிப்பார். மூன்றாவது பீரியடில் நெட் முடிந்துவிடும். அதே மாணவர் ஆடியோவும் ஸ்லைடும் மட்டும் என்றால், ஐந்து பீரியடையும் 350 எம்பியில் முடித்துவிடுவார். "எல்லோரும் கேமரா ஆன் பண்ணுங்க" என்ற ஒரே ஒரு உத்தரவின் விலை, ஒரு மாணவருக்கு மணிக்கு சுமார் 450 எம்பி.

2021 ஜனவரியில் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜிபி டேட்டா தரும் கார்டுகளை ஏப்ரல் வரை இலவசமாக அறிவித்தது நினைவிருக்கலாம். அந்த 2 ஜிபியும்கூட, கேமரா ஆன் கணக்கில் மூன்று மணி நேரத்தைத் தாண்டாது.

இலங்கையில் இதே சிக்கலை வேறு வழியில் கையாண்டார்கள். பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு வழியாக நடக்கும் வகுப்புகளுக்கு, மாணவர்களிடம் டேட்டா கட்டணம் வாங்காமல் இருக்க 2020-ல் தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். எந்த மென்பொருள் என்பதோடு, அதன் டேட்டா செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்தே யோசித்த முடிவு அது.

ஆக, ஒரு மென்பொருளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவை: ஆடியோ மட்டும் கேட்கும் வசதி இருக்கிறதா? வீடியோ தரத்தைக் குறைக்க முடியுமா? ஆப் இறக்காமல் பிரவுசரிலேயே ஓடுமா? விலை குறைந்த பழைய போனில் திணறாமல் இருக்குமா?

நெட் கட் ஆனால் என்ன ஆகும்?

கட் ஆகும். அதில் சந்தேகமே வேண்டாம். கட் ஆன பிறகு மென்பொருள் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

மாணவரின் இணைப்பு போனால் தானாகவே மீண்டும் உள்ளே சேர்க்குமா, அல்லது ஆசிரியர் ஒவ்வொரு முறையும் 'அட்மிட்' கொடுக்க வேண்டுமா? ஆசிரியரின் நெட்டே போய்விட்டால் வகுப்பு அப்படியே நிற்குமா, முழுசா மூடிவிடுமா? இரண்டையும் வேண்டுமென்றே வைஃபையை அணைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரெக்கார்டிங். நெட் இல்லாமல் வகுப்பைத் தவறவிட்டவருக்கு இதுதான் ஒரே வழி. ஆனால் எல்லா இலவசத் திட்டத்திலும் இது கிடைப்பதில்லை. கிடைத்தாலும், முழு வீடியோவை 700 எம்பியாக இறக்கச் சொன்னால் பயனில்லை. ஆடியோவையும் ஸ்லைடையும் தனியாகக் கொடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காத விஷயம்: வருகைப் பதிவு. சில மென்பொருள்கள் யார் எத்தனை நிமிடம் இருந்தார் என்று தானாகவே பட்டியல் தரும். வசதிதான். ஆனால் தேர்வு எழுத 75 சதவீத வருகை கேட்கும் இடத்தில், டவர் கிடைக்காமல் மூன்று முறை வெளியே விழுந்த மாணவர் அந்தப் பட்டியலில் 'ஆப்சென்ட்' ஆகிவிடுவார். ஒரு மென்பொருளின் நிமிடக் கணக்கு ஒருவரின் ஹால் டிக்கெட்டைத் தீர்மானிக்கலாமா? இதற்கான விதியை மென்பொருள் வாங்கும் முன்பே கல்லூரி எழுதி வைப்பது நல்லது. ரெக்கார்டிங்கைப் பார்த்து சின்ன வினாத்தாளுக்குப் பதில் எழுதினால் வருகை உண்டு என்பதுபோல ஒரு மாற்று வழி இருக்க வேண்டும்.

பாடம் நடத்த என்ன வேண்டும்?

இது துறைக்குத் துறை மாறும். கணிதத்துக்கு எழுதிக் காட்டும் போர்டு வேண்டும். அது மாணவரின் சின்னத் திரையிலும் தெரிய வேண்டும். மொழி வகுப்புக்கு ஆடியோ தெளிவும், மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேச வைக்கும் வசதியும் முக்கியம். பெரிய வகுப்புக்கு, புரிந்ததா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் கருத்துக்கணிப்பு எடுக்கும் வசதி உதவும். கை தூக்கும் பட்டன், கேள்வி கேட்க சாட் பகுதி ஆகியவை எல்லா வகுப்புக்கும் தேவை. மைக்கில் பேசக் கூச்சப்படும் மாணவர் சாட்டில் தைரியமாகக் கேட்பார்.

தமிழில் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' கூட ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஸ்லைடை சர்வரில் ஏற்றிக் காட்டும் மென்பொருள்களிலும் இந்தச் சிக்கல் வரும். யூனிகோடில் தயாரித்து, பிடிஎஃப் ஆக மாற்றி ஏற்றினால் பிரச்சனை இல்லை. தானியங்கி சப்டைட்டில் வசதி இருந்தால் அதையும் உங்கள் ஆசிரியரின் தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். விளம்பரத்தில் தமிழின் பெயர் இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

எல்லோராலும் பயன்படுத்த முடியுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டு, பயன்படுத்தவே முடியாத மென்பொருளில் பாடம் நடத்தினால் என்ன பயன்?

பார்வையற்ற மாணவர்கள் என்விடிஏ, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து வகுப்பில் சேர முடிகிறதா, கை தூக்க முடிகிறதா, சாட்டைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் பகிரப்படும் ஸ்லைடு அவர்களுக்கு வெறும் படம்தான். எனவே ஸ்லைடை ஃபைலாகவும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். காது கேளாத மாணவருக்கு, சைகை மொழிபெயர்ப்பாளரின் காட்சியைத் திரையில் நிலையாகப் பொருத்தும் வசதி தேவை.

பாதுகாப்பு பற்றி மறக்க வேண்டாம்

2020-ல் வகுப்புகளுக்குள் வெளியாட்கள் புகுந்து ஆபாசப் படம் காட்டிய 'ஜூம்பாம்பிங்' சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்தன. ஏப்ரல் 16, 2020 அன்று இந்திய உள்துறை அமைச்சகமும் ஜூம் பயன்படுத்துவது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு அந்த நிறுவனம் பாஸ்வேர்டு, காத்திருப்பு அறை போன்ற பாதுகாப்புகளைக் கூட்டியது. எந்த மென்பொருளாக இருந்தாலும், கல்லூரி மின்னஞ்சல் வைத்திருப்பவர் மட்டும் உள்ளே வரும்படி பூட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

ரெக்கார்டிங் எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்ற கேள்விகளும் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான்.

எதில் என்ன கிடைக்கும்?

ஜூம்: பலருக்கும் பழகியது. இலவசத் திட்டத்தில் 100 பேர், 40 நிமிடம் மட்டுமே. ஒரு பீரியட் முடிவதற்குள் இணைப்பு மூடிக்கொள்ளும்.

கூகுள் மீட்: கல்வி நிறுவனங்களுக்கான இலவசத் திட்டத்தில் 100 பேர் வரை நீண்ட நேரம் நடத்தலாம். ஆனால் ரெக்கார்டிங், வருகைப் பட்டியல், குழுப் பிரிப்பு போன்றவை கட்டணத் திட்டங்களில்தான். தவிர, ஒரு காலத்தில் அளவே இல்லாமல் இருந்த சேமிப்பு இடம், 2022 முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று குறைக்கப்பட்டது. இலவசம் என்பது எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்: வகுப்பு, அசைன்மென்ட், ஃபைல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் கணக்கு உள்ள கல்லூரிகளுக்கு எளிது. பழைய போன்களில் எப்படி ஓடுகிறது என்பதைச் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பிக்புளூபட்டன்: கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்காகவே 2007-ல் தொடங்கப்பட்ட திறந்தமூல மென்பொருள். போர்டு, கருத்துக்கணிப்பு, குழுப் பிரிப்பு, ரெக்கார்டிங் எல்லாம் உண்டு. ஆப் தேவையில்லை, பிரவுசர் போதும். 2022-ல் வந்த மூடில் 4.0 பதிப்பிலிருந்து அதனுடன் சேர்ந்தே வருகிறது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர் நம்முடையது. குறைந்தது 8 கோர் பிராசசர், 16 ஜிபி நினைவகம், இரு திசையிலும் 250 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்கிறது அதன் வழிகாட்டி. கூடவே அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத கல்லூரிக்கு 'இலவசம்' என்பது தலைவலிதான்.

எப்படிச் சோதிப்பது?

• இரண்டு மென்பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் உண்மையான வகுப்புகளை நடத்துங்கள்.
• ஒரு பெரிய வகுப்பு, ஒரு கணித வகுப்பு, ஒரு மொழி வகுப்பு கட்டாயம் இருக்கட்டும்.
• டவர் சரியாகக் கிடைக்காத ஊரிலிருந்து சில மாணவர்கள், பழைய போன் வைத்திருக்கும் சிலர், ஒரு பார்வையற்ற மாணவர், கணினிக்குப் பழகாத ஒரு பேராசிரியர் ஆகியோரைச் சோதனைக் குழுவில் சேருங்கள்.
• ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் போனின் டேட்டா பயன்பாட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸிலேயே தெரியும்.
• எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள் என்று எண்ணுங்கள்.
• மதிப்பெண் போடும்போது டேட்டா, இணைப்பு, அணுகல் மூன்றுக்கும் பாதி மதிப்பெண் கொடுங்கள். மற்ற வசதிகளுக்கு மீதிப் பாதி.

மாணவர்களும் கேட்கலாம்

இந்த முடிவு நிர்வாகத்துடையது என்று ஒதுங்கி இருக்க வேண்டியதில்லை. கேமரா கட்டாயமா, ரெக்கார்டிங் கிடைக்குமா, நெட் போனால் வருகை என்னாகும் என்ற மூன்று கேள்விகளையும் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்கலாம். நியாயமான கேள்விகள்தான்.

டெமோ அறையில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எல்லாமே நன்றாகத் தெரியும். மழை பெய்யும்போது மாடிப்படியில் டவர் தேடி நிற்கும் மாணவருக்குப் பாடம் கேட்கிறதா? அங்கே கேட்டால், அதுதான் உங்கள் கல்லூரிக்கான மென்பொருள்.