மலிவு விலையில் மென்பொருள்: 'கீ' வேலை செய்தால் போதுமா?

விண்டோஸ் 11 ஹோம் பதிப்புக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அமெரிக்காவில் வைத்திருக்கும் விலை 139 டொலர். இலங்கை நாணயத்தில் அது ஏறத்தாழ 40,000 ரூபா. அதே விண்டோஸ், சில இணையத்தளங்களிலும் பேஸ்புக் விளம்பரங்களிலும் ஒன்றிரண்டாயிரம் ரூபாவுக்கு, 'வாழ்நாள் உத்தரவாதத்துடன்' விற்கப்படுகிறது. வாங்கிய கீயைக் கொடுத்ததும் கணினியும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கணினி ஏற்றுக்கொள்வது, அந்த உரிமம் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் அல்ல.

வாங்குவது எதை?

விண்டோஸை நிறுவுவதற்கான கோப்பை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆகவே மலிவு விற்பனையாளர் தருவது 25 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு கீயை மட்டுமே. காசு கொடுத்து நாம் பெறவேண்டியது, மென்பொருளைப் பாவிக்கும் உரிமத்தை. காணி உறுதியின் போட்டோப் பிரதி கையில் இருப்பதால் மட்டும் காணி எங்களுடையதாகி விடாது. கீயும் அப்படித்தான்.

மலிவுக் கீகள் எங்கிருந்து வருகின்றன?

புதிய கணினிகளுடன் சேர்த்து விற்பதற்காக உற்பத்தியாளர்களுக்கு வழங்கப்படும் கீகள் ஒரு வகை. இவை முதலில் நிறுவப்பட்ட கணினியோடு பிணைக்கப்பட்டவை.

நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மொத்தமாக வழங்கப்படுபவை இன்னொரு வகை. ஒரே கீ பல கணினிகளில் வேலை செய்யும் என்பதால், வெளியே கசிந்ததும் பலருக்கு விற்கப்படுகிறது. முறைகேடு தெரியவந்தால் மைக்ரோசொப்ட் அதை முடக்கிவிடும். இதில் ஒரு முறையின்படி, கணினி 180 நாட்களுக்குள் ஒரு தடவையாவது அந்த நிறுவனத்தின் சேர்வரோடு தொடர்புகொள்ள வேண்டும். வெளியாளின் கணினியால் அது முடியாது. 'ஆறு மாதம் நன்றாக வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது' என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருடப்பட்ட கடனட்டைகளால் வாங்கப்பட்ட கீகளும் சந்தைக்கு வருகின்றன. அட்டையின் சொந்தக்காரர் முறையிட்டதும் அவை இரத்தாகலாம். நட்டம் கடைசியாக வாங்கியவருக்கே.

பிறர் கணக்கில் உங்கள் கோப்புகள்

கீக்குப் பதிலாக ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து, 'ஒபிஸ் 365, வாழ்நாள் முழுவதும்' என்று விற்பவர்களும் உண்டு. இதுவே மிக ஆபத்தானது. அந்தக் கணக்கை நிர்வகிப்பவர் வேறொருவர். அவரால் உங்கள் கடவுச்சொல்லை மாற்றவும், ஒன்ட்ரைவில் நீங்கள் சேமித்தவற்றைத் திறந்து பார்க்கவும், கணக்கையே அழிக்கவும் முடியும்.

எங்கள் மக்களில் பலர் இடப்பெயர்வுகளில் வீட்டு அல்பங்களையும் உறுதிகளையும் இழந்தவர்கள். எஞ்சியவற்றையே கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்: காணாமலாக்கப்பட்டவரின் ஒரே படம், முறைப்பாட்டுப் பிரதிகள், காணிப் பத்திரங்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள். இவற்றை முகம் தெரியாத ஒருவரின் கணக்கில் வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பாவிலிருந்து உறவினர் அனுப்பும் கீ

ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் மலிவுக் கீகள் வெளிப்படையாக விற்கப்படுவதால், அவை எல்லாம் சட்டபூர்வமானவை என்று நினைப்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 ஆம் திகதி, யூஸ்ட்சொப்ட் – ஒரக்கிள் வழக்கில், நிரந்தர உரிமத்துடன் வாங்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் எனத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பாவிக்க முடியாதவாறு செய்துவிட வேண்டும். மொத்த உரிமத்தைத் துண்டுபோட்டு விற்கவும் கூடாது. மேலும் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குரிய தீர்ப்பு, இலங்கைக்கு உரியதல்ல.

'கிராக்' இன்னும் மோசம்

காசில்லாமல் விண்டோஸை இயக்குவதாகச் சொல்லும் 'கிராக்' கருவிகள் பல, முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்கின்றன. வீட்டைப் பூட்டாமல் வைக்கச் சொல்வதற்கு ஒப்பானது அது. கே.எம்.எஸ்.பிகோ என்ற கருவியின் பெயரில் பரவிய போலிக் கோப்புகள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட் என்ற தீநிரலைக் கொண்டிருந்ததை ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசம்பரில் வெளியிட்டது.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. உரிமை மீறிய மென்பொருள் எனத் தெரிந்தும் அதை வர்த்தக இலாபத்துக்குப் பாவிப்பது குற்றம். தொடர்பாடல் நிலையம், அச்சகம், கணினி வகுப்பு நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

• உங்கள் மடிக்கணினி விண்டோஸுடன் வந்ததா? அப்படியானால் அதன் கீ பெரும்பாலும் கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீள நிறுவினால் புதிதாக வாங்கத் தேவையில்லை.
• விற்பவருக்கு முகவரி, பற்றுச்சீட்டு, காசு திருப்பித் தரும் முறை உண்டா? வட்ஸ்அப் இலக்கம் மட்டும் போதாது.
• மென்பொருள் நிறுவனத்தின் தளத்தில் அவர் அனுமதி பெற்ற விற்பனையாளர் எனக் குறிக்கப்பட்டிருக்கிறாரா?
• தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க அனுமதி கேட்கிறாரா? கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால்

முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுங்கள். பிறர் தந்த கணக்கில் எதுவும் இருந்தால் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து அழித்துவிடுங்கள். கிராக் போட்ட கணினியானால், வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றிய பின், விண்டோஸை முழுமையாக மீள நிறுவுவதே பாதுகாப்பு. அட்டை இலக்கத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்கு உடனே அறிவியுங்கள். இணைய மோசடிகளை ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்திலும், உள்ளூர் வணிகர் பற்றிய முறைப்பாடுகளை நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திலும் தெரிவிக்கலாம்.

காசு இல்லையென்றால்?

கடிதம், கணக்கு, பாடக்குறிப்பு ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் போதும். அது இலவசம், சட்டபூர்வமானது, யுனிகோட் தமிழையும் ஏற்கும். படங்களைத் திருத்த கிம்ப், வரைகலைக்கு இங்ஸ்கேப் உள்ளன. சொந்தக் கணக்கு ஒன்றிருந்தால் வேர்ட், எக்செல் ஆகியவற்றை பிரவுசரிலேயே இலவசமாகப் பாவிக்கலாம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஐத் தாங்காத பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவலாம். பழக்கத்துக்கு வரச் சில நாட்கள் எடுக்கும். ஆனால் யாரும் அதை இடையில் முடக்க மாட்டார்கள்.