பாளையரிவாள்

ஒரு மரபினரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுதல் வழக்கம். கல்வெட்டில் இடம்பெறாத உழைப்பாளிகளின் வரலாறோ அவர்தம் கைக்கருவிகளிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நம் முன்னோர் இடையிற் கட்டிய பெட்டியிலிருந்த பாளையரிவாள் அத்தகையதொரு சாசனமாம். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், தம் கைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் முறையையும், அரசாங்கத்தார் அதனை நோக்கிய நோக்கையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன் மண்டபத்தை அடுத்த சிற்றூரிலுள்ள நம்மவர் முதியவர் ஒருவர், புதிதாய் அடிப்பித்த அரிவாளைச் சாக்கிற் பொதிந்து பேருந்தில் கொண்டுவருகையில், வழியில் இறக்கப்பட்டு, "யாரை வெட்டுவதற்கு?" என வினவப்பட்டார். "ஐயா, பாளை சீவுவதற்கு" என்று அவர் கூறிய விடை நகைப்பிற் கழிந்தது. பின்னர் விடுவிக்கப்பட்டாரெனினும், உடன் வந்த அவர் மகன் அன்றுமுதல் அரிவாட் பெட்டியைத் தொட மறுத்துவிட்டான். பசியினும் கொடியது இவ்வெட்கம். இது நீங்குதற்கு வரலாறே மருந்தென்று கருதுகின்றோம்.

தென்னாட்டார் இரும்பை ஆண்ட தொன்மை பெரிது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்ஸாந்தர் ரீ என்பாரும் அகழ்ந்தபோது, தாழிகளோடு வாள், ஈட்டி, கட்டாரி முதலிய இரும்புப் பொருள்கள் பல வெளிப்பட்டன. அண்மையிலுள்ள சிவகளையிற் கிடைத்த இரும்பின் காலத்தை, 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்ட அறிக்கை கி.மு. 3345 வரை கொண்டுசெல்கின்றது. இதுபற்றி அறிஞரிடை ஆராய்ச்சி இன்னும் நடைபெற்று வருகின்றது. அது நிற்க. வாளேந்தியவனைப் பாடியோர் பலர். அவனுக்கும் அவன் குடிக்கும் உணவளித்த அரிவாளைப் பாடியோர் சிலரே.

மண்டபத்துக் கரை நெல்லுக்கு உரிய நிலமன்று. இருபுறமும் கடலும், நடுவே மணலும் உவருமாகிய இம்முனையில், வலையை நம்பினோர் கடலிலும், பனையை நம்பினோர் மரத்திலும் பிழைத்தனர். மழை பொய்த்த ஆண்டிலும் பனை பொய்ப்பதில்லை. கருவியோ மேற்கேயிருந்து வரவேண்டும். மதுரைக்கும் மானாமதுரைக்கும் இடையிலுள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை போடப்பட்ட இருப்புப்பாதை அவ்வூரின் வழியாகவே வருகின்றது. பண்டு நாட்டுலையில் உருக்கிய இரும்பைக் கொல்லர் ஆண்டனர். 19-ஆம் நூற்றாண்டில் சீமையிரும்பு மலியவே, நாட்டுலைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. மோட்டார் வண்டிகள் பெருகியபின், கழித்துப்போட்ட லாரிகளின் வில்பட்டையே அரிவாளாயிற்று. பாரம் தாங்கி வளைந்து நிமிரும்படி செய்யப்பட்ட எஃகாதலின், அது கருக்கை நன்கு தாங்கும்.

பனையேறுவோர்க்கு அரிவாள் இரண்டு. காய்ந்த மட்டையைக் கழிப்பதற்கு உரியது மட்டையரிவாள். அது தடித்தது, கனத்தது. பாளையின் நுனியைச் சீவுவதற்கு உரியது பாளையரிவாள். அது மெல்லியது, அகன்றது, வளைந்தது. ஒன்றன் வேலையை மற்றொன்றாற் செய்வோன் இரண்டையும் கெடுப்பான். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தியபின், நாடோறும் அதன் நுனியை மெல்லிதாய்ச் சீவுதல் வேண்டும். தடிப்பாய்ச் சீவினால் பாளை விரைவிற் குறைந்து பருவம் முடியுமுன் பயனற்றுப் போகும். மழுங்கிய வாயாற் சீவினாலோ நரம்பு நசுங்கிப் பதனீர் நின்றுவிடும். ஆதலின் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய், அரிவாளின் மயிரிழை போன்ற கருக்கின்மேல் நிற்கின்றதென்பது மிகையன்று.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவாம். முதலாவது ஓசை. பிடியைத் தளரப் பற்றி அலகைச் சுண்டினால் கணீரென்று ஒலித்தல் வேண்டும். ஓசை மந்தமாயின் உள்ளே வெடிப்பு இருத்தல் கூடும். இரண்டாவது தோய்ச்சல். வாய் மிகத் தோய்ந்தால் மட்டையிற் பட்டுச் சில்லாய் உதிரும். தோய்ச்சல் போதாதாயின் மடங்கும். முதுகோ வன்மையேறாது இளகியிருத்தல் வேண்டும். அன்றேல் அலகே முறியும். மூன்றாவது கனம். தரையிற் கைக்கு இலேசாய்த் தோன்றும் அரிவாள், 60 அடி உயரத்தில், முப்பதாவது மரத்தில், கையை இழுக்கும். ஆகலின் வாங்குவோர் கடையில் ஒருமுறை வீசிப் பார்த்தல் போதாது. நெடுநேரம் கையில் ஏந்திப் பார்த்தல் நலம்.

கொல்லர் கொடுப்பது பாதி. ஏறுவோன் செய்துகொள்வது பாதி. பற்றிய விரல்நுனி உள்ளங்கையை மெல்லத் தொடும் பருமனுக்குப் பிடியைக் கண்ணாடிச் சில்லாற் சுரண்டிக்கொள்ளுதல் வேண்டும். பதனீர் பட்ட கை வழுக்குமாதலின், பிடியின் கடையிற் சிறு குமிழ் விடுதல் நன்று. பின்னர், மரப்பலகையில் வெங்கச்சங்கற் பொடியைத் தூவி அலகைத் தீட்டி, முன்கை மயிரை மழித்துக் கூர்மை பார்ப்பர். கடற்காற்று இரும்பை அரிக்குமாதலின், மாலையில் துடைத்து எண்ணெயிட்டே பெட்டியில் வைப்பர். இங்ஙனம் சில பருவம் பழகிய அரிவாள் பிறர் கைக்குப் பொருந்துவதில்லை. அதனாலேயே அதனை இரவல் கொடுப்பதுமில்லை.

இத்தகைய கருவி ஐயத்திற்கு உள்ளானது எவ்வாறு? 1801-இல் மருது சகோதரர் வீழ்ந்தபின், அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு விடுத்த விளம்பரம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்தலைத் தடுத்தது. 1878-இல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. கூரிய இரும்பெல்லாம் கலகத்தின் அறிகுறியென்னும் எண்ணம் அக்காலத்தே வேரூன்றிற்று. சினிமாக்கள் பிற்காலத்தே அதற்கு நீர் வார்த்தன.

சட்டமோ அங்ஙனம் கூறவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் உழவுக்குமே அமைந்த பொருள்களை ஆயுதம் என்னும் சொல்லினின்று நீக்கியுள்ளது. 1962-ஆம் ஆண்டின் விதிகள் 9 அங்குலத்தின் மிக்க நீளமோ 2 அங்குலத்தின் மிக்க அகலமோ உடைய கத்திகளை ஆயுதமெனக் கூறியபோதும், வீடு, உழவு முதலியவற்றிற்கென அமைந்தவற்றுக்கு விலக்களித்தன. பாளையரிவாள் அவ்வகலத்தை மிஞ்சினும் அதன் வேலையே அதற்குக் காப்பாம். அம்முதியவர் தந்த விடை சட்டத்தின் விடையேயாகும்.

பனை 1978-இல் தமிழ்நாட்டின் மரமாயிற்று. ஜில்லா கலெக்டரின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாதென்று 2021-இல் அறிவிப்பும் பிறந்தது. மரத்தைக் காத்து, அதனைச் சீவும் கையை இழப்போமாயின் பயன் என்னை? ஆதலின், வீட்டு மூலையில் துருவேறிக் கிடக்கும் அரிவாளை நம் இளைஞர் எடுத்துத் துடைத்து, அதன் கதையைப் பெரியோரிடம் கேட்டறிவாராக. ஏறுவதும் ஏறாதொழிவதும் அவரவர் விருப்பம். வெட்கப்படுதற்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை.