மோசேயின் ஐந்நூல்: ஆக்கியோன் யார் என்னும் வழக்கு

ஒரு நூலைக் கற்கப் புகுவார்க்கு ஆக்கியோன் பெயரை முதற்கண் அறிவித்தல் நம் பாயிர மரபாம். யூதர் தம் மறையெனப் போற்றும் தோராவோ அத்தகைய பாயிரம் யாதுமின்றியே தொடங்குகின்றது. ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் எனும் இவ்வைந்து நூல்களும் அதன்கண் அடங்கும். இவற்றைத் தமிழ்ப்படுத்தினோர் ஆகமம் என்னுஞ் சொல்லையே எடுத்தாண்டமை ஈண்டு நோக்கற்பாலது. மோசே என்னும் தீர்க்கதரிசியே இவற்றை எழுதினார் என்பது யூதர், கிறித்தவர் ஆகிய இருசாரார்க்கும் நெடுங்காலக் கொள்கையாயிருந்தது. அக்கொள்கை ஆராய்ச்சிக்குட்பட்ட வரலாறு, மறைநூல் போற்றுவார் யாவரும் அறியத்தக்கதாம்.

இவ்வினாவை முதற்கண் எழுப்பினோர் புறத்தாரல்லர். அந்நூலை இடையறாது ஓதிய அன்பரேயாவர். உபாகமத்தின் இறுதி எட்டு வாக்கியங்கள், மோசே மோவாப் நாட்டில் இறந்தமையையும், அவர்தங் கல்லறையை இந்நாள்காறும் ஒருவரும் அறியாமையையும், அவரையொத்த தீர்க்கதரிசி பின்னர்த் தோன்றாமையையும் கூறுகின்றன. தம் இறப்பைத் தாமே எழுதுதல் யாங்ஙனம்? தல்மூதில் இதற்கு இரு விடைகள் உள. அவ்வெட்டினையும் மோசேக்குப்பின் தலைமையேற்ற யோசுவா எழுதினார் என்பது ஒன்று. இறைவன் கூற, மோசேயே கண்ணீரோடு வரைந்தார் என்பது மற்றொன்று. முரணாகிய இவ்விரண்டும் ஒருங்கே காக்கப்பட்டமை அவ்வாசிரியர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டிற் பிறந்த உரையாசிரியர் ஆபிரகாம் இபன் எசுரா இன்னுஞ் சில இடங்களைச் சுட்டினார். ஆபிரகாமின் வரலாறு கூறுமிடத்து, அக்காலத்தே கானானியர் அந்நாட்டிலிருந்தனர் என்று ஆதியாகமம் கூறும். மோசே காலத்தும் அவர் ஆண்டே இருந்தனராகலின், ‘அக்காலத்தே’ என வேறுபடுத்து மொழிதல் எற்றுக்கு? இவ்விடத்தே அவ்வுரையாசிரியர், இதன்கண் மறைபொருளொன்று உண்டாகலாம் எனவும், உணர்ந்தோன் வாளாவிருப்பான் எனவும் குறிப்பால் உரைத்தமைந்தார்.

அவர் மறைத்ததனை ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்பினோசா வெளிப்படுத்தினார். 1656இல் யூதர் அவையால் விலக்கப்பட்ட அவர், 1670இல் தம் பெயரின்றி வெளியிட்ட நூலில், இவ்வைந்நூலைத் தொகுத்தவர் பிற்காலத்து எஸ்றாவாதல் வேண்டுமெனக் கருதினார். 1678இல் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்க குரு ரிச்சர்டு சைமன், பொதுவெழுத்தர்கள் காலந்தோறும் எழுதிச் சேர்த்தனவும் இதன்கண் உள என எழுதினார். அவர்தம் நூலின் படிகள் அழிக்கப்பட்டன. அவரும் தம் துறவியர் சபையினின்றும் நீக்கப்பட்டார்.

இவ்வரலாற்றில் மிக வியக்கத்தக்கவர் பிரெஞ்சு மருத்துவராகிய ழான் அஸ்த்ரூக் என்பவர். ஆதியாகமத்துள் சிலவிடங்களில் இறைவன் ஏலோகிம் எனவும், வேறு சிலவிடங்களில் யெகோவா எனவும் பெயர்பெறுதலையும், படைப்பு முதலிய செய்திகள் இருமுறை வருதலையும் அவர் கண்டார். பெயர்வேறுபாடு பற்றிப் பகுதிகளைப் பிரித்து நிரல்படுத்தி, மோசே பழைய ஏடுகளைத் தொகுத்தாரென 1753இல் எழுதினார். மோசேயின் ஆசிரியத்துவத்தை நிலைநாட்டுதலே அவர் நோக்கம். ஆயினும், அவர் கண்ட அம்முறையே பின்வந்தோர் அக்கொள்கையை மறுத்தற்குக் கருவியாயிற்று.

1805இல் ஜெர்மானியராகிய தெ வெத்தே, ஏறத்தாழ கி.மு. 622இல் யோசியா அரசன் காலத்தே எருசலேம் ஆலயத்திற் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் நூலோடு உபாகமத்தைத் தொடர்புபடுத்தினார். 1878இல் வெல்ஹௌசன் நால்வகை மூலங்கள் கலந்தே ஐந்நூலாயின என்னுங் கொள்கையை விரித்து நாட்டினார். தம் போதனை மாணவரைத் திருச்சபைத் தொண்டிற்கு உரியராக்கவில்லையென உணர்ந்து, 1882இல் தம் இறையியற் பதவியை அவரே துறந்தார். ஸ்காட்லாந்தில் ராபர்ட்சன் ஸ்மித் இத்தகைய கருத்துக்களால் 1881இல் பதவியிழந்தார்.

நால்மூலக் கொள்கையும் மறுப்பின்றி நிலைபெறவில்லை. கூறியது கூறல் ஒரே ஆசிரியர்தம் நடையாதலும் கூடுமெனக் கஸ்ஸூத்தோ வாதித்தார். 1975க்குப்பின் வான் சீட்டர்ஸ், ரெண்டோர்ஃப் முதலியோர் அக்கொள்கையின் அடிப்படைகளையே அசைத்தனர். 1979இல் எருசலேமின் கேத்தேப் இன்னோம் என்னுமிடத்துக் கிடைத்த சிறு வெள்ளித் தகடுகளில், எண்ணாகமத்துள் வரும் ஆசிமொழியையொத்த சொற்கள் காணப்பட்டன. அத்தகடுகள் ஏறத்தாழ கி.மு. 600ஐச் சார்ந்தன என்பர். ஆயினும் சில வாக்கியங்களின் தொன்மை நூல் முழுமையின் காலத்தை நிறுவாது. பல கைகளின் தொகுப்பே ஐந்நூல் என்பதில் ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் ஒன்றுபடினும், தொகுத்த முறையிலும் காலத்திலும் வேறுபடுகின்றனர். மோசே வழியே இறைவன் அருளியது தோரா என்பதே வைதிக யூதர்தம் உறுதியாம்.

இவ்வழக்கினின்றும் நாம் கொள்ளற்பாலது யாது? எழுதியவர் யார், தொகுத்தவர் யார், பிரமாணமாதல் எதனால் என்பன மூன்றும் வெவ்வேறு வினாக்கள். முன்னிரண்டையும் ஏட்டாராய்ச்சி விளக்கலாம். மூன்றாவது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. மூன்றனையும் ஒன்றெனக் கொண்டமையாலன்றோ, ஒருசாரார் வினாவியோரை ஒறுத்தனர். மற்றொருசாரார் ஆக்கியோன் பெயர் ஐயுறப்பட்ட துணையானே நூலும் வீழ்ந்ததெனக் களித்தனர். நூல் வீழ்ந்திலது. ஆண்டுதோறும் சிம்காத் தோரா என்னும் விழாவில், யூதர் அவ்வெட்டு வாக்கியங்களையும் ஓதி முடித்து, உடனே ஆதியாகமத்தின் முதல் வாக்கியத்தை மீண்டும் ஓதத் தொடங்குகின்றனர்.