நடுத்தரக் கிராஸ்ஓவர்

நடுத்தரக் கிராஸ்ஓவர் என்பது காருக்குரிய ஒற்றை உடற்கூட்டில், எஸ்யூவியின் உயரமும் இடவசதியும் சேரும்படி கட்டப்பட்ட குடும்ப வண்டி. வட அமெரிக்காவில் இவ்வகை வண்டிகளின் நீளம் ஏறத்தாழ 4.7 முதல் 5.1 மீட்டர் வரை இருக்கும். இருக்கைகள் இரண்டு அல்லது மூன்று வரிசை. டொயோட்டா ஹைலாண்டர், ஹோண்டா பைலட், கியா டெல்லுரைடு, சுபாரு அசென்ட், ஃபோக்ஸ்வேகன் அட்லஸ் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இடம், சுமைதிறன், பாதுகாப்பு, செலவு ஆகியவற்றில் இவை பெரிதும் வேறுபடுகின்றன. வாங்குவோரும் குத்தகைக்கு எடுப்போரும் பிரிவின் பெயரை நம்பாமல் அளவுகளை வைத்தே ஒப்பிட வேண்டும்.

வகைப்பாடு

பழைய எஸ்யூவிகளில் சரக்கு வண்டிக்குரிய தனி அடிச்சட்டத்தின் மேல் உடல் பொருத்தப்பட்டது. கிராஸ்ஓவரில் சட்டமும் உடலும் ஒன்றே. பெரும்பாலானவற்றில் இஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்து முன்சக்கரங்களை இயக்கும்; நாற்சக்கர இயக்கம் உள்ளவற்றில் தேவைப்படும்போது பின்சக்கரங்களுக்கும் விசை செல்லும். டொயோட்டா ஷோரூமில் ஹைலாண்டருக்கு அருகில் நிற்கும் ஃபோர்ரன்னர், தனி அடிச்சட்டம் உள்ளதால் எஸ்யூவியே. பெயர் மாறாமல் இனம் மாறிய வண்டியும் உண்டு. 1990இல் ரேஞ்சர் பிக்கப்பின் வழியில் பிறந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், 2011 மாடலிலிருந்து ஒற்றை உடற்கூட்டுக்கு வந்துவிட்டது.

"நடுத்தரம்" என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கார்களை உட்புறக் கொள்ளளவால் பிரிக்கிறது. எஸ்யூவிகளையோ சுமையோடு சேர்ந்த உச்ச எடை 6,000 பவுண்டுக்குக் கீழா, மேலா என்று பார்த்துச் சிறியது, வழக்கமானது என இரண்டாக மட்டும் பிரிக்கிறது. 1975ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தையொட்டி வந்த எரிபொருள் சிக்கன விதிகளில், மடக்கித் தட்டையாக்கும் மூன்றாம் வரிசை உள்ள கிராஸ்ஓவர்கள் இலகுரகச் சரக்கு வண்டிக் கணக்கில் சேர்கின்றன. ஆகவே விற்பனைக் கையேட்டில் "நடுத்தரம்" என்று கண்டாலும், அது உற்பத்தியாளர் சூட்டிய பெயர் என்றே கொள்ள வேண்டும்.

தோற்றம்

இவ்வகையின் மூதாதை ஏஎம்சி ஈகிள். அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கான்கார்டு காரின் உடலை உயர்த்தி, முழுநேர நாற்சக்கர இயக்கம் பொருத்தி, 1980 மாடலாக இதை வெளியிட்டது. 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் இஞ்சின். செடான், கூபே, ஸ்டேஷன் வேகன் என மூன்று உடல்கள். முன், பின் அச்சுகளுக்கிடையே சிலிக்கோன் திரவம் நிரம்பிய இணைப்பி விசையைப் பகிர்ந்ததால், பனிச்சாலையிலும் ஓட்டுநர் எந்த லீவரையும் தொட வேண்டியிருக்கவில்லை. இன்றைய குடும்பங்கள் கிராஸ்ஓவரிடம் எதிர்பார்க்கும் சிலவற்றை ஈகிள் அன்றே தந்தது. 1987இல் கிரைஸ்லர் அந்நிறுவனத்தை வாங்கியதும் ஈகிளின் காலம் முடிந்தது.

அடுத்த அடியை ஜப்பானியர் எடுத்து வைத்தனர். 1994இல் டொயோட்டா ராவ்4, 1995இல் ஹோண்டா சிஆர்-வி என்ற சிறிய வண்டிகள் வந்தன. நடுத்தர அளவில் திருப்பம் தந்தது, டொயோட்டா கேம்ரி காரின் தளத்தையொட்டிக் கட்டப்பட்டு 1998இல் அமெரிக்காவுக்கு வந்த லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 300. 2001 மாடலாக ஹைலாண்டரும், மூன்று வரிசை கொண்ட அக்யூரா எம்டிஎக்ஸும் வந்தன. 2003 மாடல் ஹோண்டா பைலட் எட்டுப் பேருக்கு இடம் தந்தது.

ஒப்பிட வேண்டியவை

இடம்: மூன்றாம் வரிசையை நிமிர்த்திவைத்த நிலையில் டிக்கியை அளக்க வேண்டும். 2020 மாடல் ஹைலாண்டரில் அந்த இடம் 16 கன அடி. அதே ஆண்டு டெல்லுரைடில் 21 கன அடி. நீள வேறுபாடு சில அங்குலமே. ஆயினும் ஏழு பேரின் பெட்டிகள் அடங்குமா என்பதை இதுவே தீர்மானிக்கிறது. பெரியவர் ஒருவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதும், குழந்தை இருக்கைக்கான கொக்கிகள் எந்தெந்த இடத்தில் உள்ளன என்று தடவிப் பார்ப்பதும் அவசியம்.

சுமை: ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒரே மாடலிலும், கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரமும் கொண்ட விலையுயர்ந்த வகையில் இந்த எண் குறைவாக இருக்கலாம். இழுதிறனும் அவ்வாறே: பெட்ரோல் ஹைலாண்டர் 5,000 பவுண்டு இழுக்கும், ஹைப்ரிட் 3,500 பவுண்டுதான்.

பாதுகாப்பு: அமெரிக்கக் கூட்டரசு அமைப்பின் ஐந்து நட்சத்திரத் தரத்தில், முன்மோதல் மதிப்பெண்ணை ஒத்த எடையுள்ள வண்டிகளுக்கிடையே மட்டுமே ஒப்பிடலாம். உயரமான வண்டிக்குக் கவிழும் அபாயம் கூடுதல் என்பதால், கவிழ்தல் மதிப்பெண்ணைத் தனியே பார்க்க வேண்டும். காப்பீட்டாளர்கள் நடத்தும் ஆய்வு நிறுவனம் 2012இல் குறுகிய முன்பகுதி மோதல் சோதனையைத் தொடங்கியது. 2022 முதல் மற்றொரு முன்மோதல் சோதனையில் பின்னிருக்கைப் பொம்மையையும் சேர்த்தது. குடும்ப வண்டிக்கு இந்தப் பின்னிருக்கை முடிவே முதன்மையானது.

விலை: 1958ஆம் ஆண்டின் சட்டப்படி புதிய வண்டியின் கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயரால் வழங்கும் அச்சீட்டில் அடிப்படை விலை, கூடுதல் பொருத்தங்கள், வண்டி பூட்டப்பட்ட ஊர், மைலேஜ், நட்சத்திரத் தரம் அனைத்தும் இருக்கும். இரு வண்டிகளின் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

குத்தகை

குத்தகையில் மாதத் தொகை இரு பகுதிகளால் ஆனது. ஒன்று தேய்மானம், மற்றொன்று வட்டி. எடுத்துக்காட்டாக, 42,000 டாலர் வண்டி 36 மாத முடிவில் 25,200 டாலர் பெறும் எனக் கணித்தால், தேய்மானம் மாதம் சுமார் 467 டாலர். வட்டிக்கு, 42,000, 25,200 ஆகிய இரு தொகைகளையும் கூட்டி, டீலர் சொல்லும் வட்டிக் காரணியான 0.0025ஆல் பெருக்கினால் 168 டாலர். ஆக மாதம் 635 டாலர், வரி தனி. அக்காரணியை 2,400ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி 6 சதவீதம் என்பது வெளிப்படும். 1976ஆம் ஆண்டின் நுகர்வோர் குத்தகைச் சட்டம் ஒப்பந்தத்தின் முக்கிய விவரங்களை எழுத்தில் தரச் சொல்கிறது. ஆண்டுக்கு 10,000 அல்லது 12,000 மைல் என்ற வரம்பைத் தாண்டினால் மைலுக்கு இவ்வளவு எனத் தனிக் கட்டணம் உண்டு. நீண்ட பயணம் செல்லும், வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாங்குவதே தக்கது.

தற்போதைய நிலை

மூன்று வரிசை கொண்ட ஹைப்ரிட் வகைகளும் கியா இவி9 போன்ற முழு மின்வகைகளும் இப்போது விற்பனையில் உள்ளன.