மவுண்ட் வேர்ணனில் லபாயெற்: நட்பும் ஒரு வினாவும்

அமெரிக்க விடுதலைப் போரை ஆராய்வோர் போர்க்களங்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைப்பர். போர் ஓய்ந்தபின் தளபதியின் இல்லத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறி அகல்வர். பிரெஞ்சு வீரர் லபாயெற், ஜோர்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் பெருந்தோட்டத்துக்கு மேற்கொண்ட வருகைகளும் நட்பின் சின்னங்களாகவே பெரிதும் போற்றப்பட்டுள்ளன. எனினும், அவ்வருகைகளோடு விடுதலை பற்றிய வினாவொன்றும் தொடர்ந்து வந்தது என்பதை ஈண்டு நோக்குவாம்.

1777இல் அமெரிக்கா சென்றபோது லபாயெற் பத்தொன்பது வயதினர். அவ்வாண்டு பிரண்டிவைன் போரிற் காயமுற்றார். 1781இல் வேர்ஜீனியாவிற் படைநடத்தி, யோர்க்டவுண் வெற்றியிலும் பங்குகொண்டார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையைப் போரில் இழந்தவர் அவர். வாஷிங்டனோ தமக்கென மக்கட்பேறு இல்லாதவர். இருவரிடையேயும் தந்தை மகன் உறவை ஒத்த பரிவு வளர்ந்ததில் வியப்பில்லை.

1783 பெப்ரவரியில் லபாயெற் தம் தளபதிக்கு ஒரு திட்டத்தை எழுதியனுப்பினார். இருவரும் சேர்ந்து சிறு தோட்டமொன்றை வாங்கி, அதில் ஆபிரிக்க அடிமைகளைச் சுதந்திரக் குடியானவர்களாக அமர்த்திப் பரீட்சித்தல் வேண்டும். வாஷிங்டன் முன்மாதிரியாயின் ஏனையோரும் பின்பற்றுவர் என்பதே அதன் சாரம். ஏப்ரிலில் மறுமொழி எழுதிய வாஷிங்டன் இந்நோக்கத்தைப் பாராட்டினார். தாமும் இணைய விரும்புவதாகக் கூறி, விவரங்களை நேரிற் சந்திக்கும்போது பேசலாம் என ஒத்திவைத்தார்.

அச்சந்திப்பு 1784 ஓகஸ்டில் வாய்த்தது. படைத்தலைமையைத் துறந்து பொற்றோமக் ஆற்றங்கரையில் உழவராக வாழ்ந்த வாஷிங்டனின் இல்லத்தில் லபாயெற் ஏறக்குறைய பத்து நாட்கள் தங்கினார். நவம்பரில் இருவரும் ரிச்மண்ட் நகரிற் சந்தித்து, மீண்டும் மவுண்ட் வேர்ணனுக்கு வந்தனர். ரிச்மண்டில் இருந்தபோது, போர்க்காலத்தில் தமக்கு ஒற்றராகப் பணியாற்றிய ஜேம்ஸ் என்னும் அடிமைக்கு லபாயெற் நற்சான்று எழுதிக் கொடுத்தார். 1787இல் வேர்ஜீனியாச் சட்டமன்றம் ஜேம்ஸுக்கு விடுதலை அளித்தது. அவரும் பின்னர் லபாயெற்றின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்டார்.

நேரிற் பேசுவதாக ஒத்திவைக்கப்பட்ட திட்டம் யாதாயிற்று? பின்னர் நிகழ்ந்தவையே இதற்கு விடை பகர்கின்றன. லபாயெற் தென்னமெரிக்காவின் கயேன் பிரதேசத்தில் தாமே தோட்டங்களை வாங்கினார். 1786இல் வாஷிங்டன் அதனை மனமாரப் பாராட்டி எழுதினார், ஆயின் பங்காளியாகவில்லை. அவ்வாண்டு வாஷிங்டனே எடுத்த கணக்கின்படி மவுண்ட் வேர்ணனில் 216 அடிமைகள் இருந்தனர். லபாயெற்றின் முயற்சியும் முற்றுப்பெறவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது அவரது உடைமைகள் பறிமுதலாக, அத்தோட்டங்களின் அடிமைகளும் விற்கப்பட்டனர்.

1784 டிசம்பரிற் பிரிந்த இருவரும் பின்னர் ஒருவரையொருவர் காணவில்லை. இதுவே இறுதிச் சந்திப்போ என்னும் ஐயத்தை வாஷிங்டன் அம்மாதமே கடிதத்தில் வெளியிட்டிருந்தார். 1790இல் லபாயெற் அனுப்பிய பஸ்ரீல் சிறையின் திறவுகோல் மவுண்ட் வேர்ணன் மண்டபத்தில் இடம்பெற்றது. கொடுங்கோன்மையின் வீழ்ச்சியைக் குறிக்கும் அத்திறவுகோல் தொங்கிய வீட்டில் அடிமைகளே ஏவல் புரிந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

1799இல் மறைந்த வாஷிங்டன், தமக்குரிய 123 அடிமைகளைத் தம் மனைவியின் காலத்துக்குப்பின் விடுவிக்குமாறு விருப்பாவணத்தில் எழுதியிருந்தார். மனைவி மார்த்தா 1801 ஜனவரியிலேயே அவர்களை விடுவித்தார். அவரது முதற் கணவரின் சொத்தைச் சேர்ந்த ஏனையோர் அடிமைகளாகவே நீடித்தனர். 1783இல் எழுப்பப்பட்ட வினாவுக்கு வாஷிங்டன் அளித்த விடை, காலந்தாழ்ந்த, பகுதியளவான விடையெனலாம்.

1824 ஒக்டோபர் 17ஆம் நாள், அறுபத்தேழு வயதினராய் லபாயெற் மீண்டும் அங்கு சென்றார். கல்லறைக்குள் முதலில் தனியே இறங்கிய அவர், பின்னர் ஜோர்ஜ் வாஷிங்டன் என்றே தாம் பெயரிட்ட மகனையும் உள்ளே அழைத்துச் சென்றார். அப்போது தோட்டத்துக்கு உரியவராயிருந்த, வாஷிங்டனின் சகோதரர் மகன் புஷ்றொட், மூன்றாண்டுகளுக்கு முன்னரே 54 அடிமைகளை விற்றிருந்தார்.

நண்பரின் கல்லறையில் முதியவர் சிந்திய கண்ணீரை வரலாறு போற்றுகின்றது, அது தகும். ஆயின், அந்நட்பின் பெருமை இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்தமையில் மட்டும் இல்லை. இளையவர் மூத்தவரிடம் அரியதொரு வினாவை எழுப்பத் துணிந்தமையிலும் உளது. அவ்வினாவுக்குரிய விடை தாமதித்தமையால் துன்புற்றோர், அதே மண்ணை உழுதவர்களே. அவர்களையும் சேர்த்து எழுதும்போதே மவுண்ட் வேர்ணன் வருகைகளின் வரலாறு நிறைவுபெறும் என்பது நம் துணிபு.