உயிர்க் காலேஜும் பெரியமேடும்

சென்னைக்குப் போய்வந்த நம் முன்னோர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கினர். எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே உயிருள்ள விலங்குகளைத் திரட்டி 1855-ஆம் ஆண்டில் காட்சிக்கு வைத்தவர் எட்வர்டு பால்ஃபர். பின்னர் அவை சென்ட்ரல் நிலையத்தருகே பீப்பிள்ஸ் பார்க்கிற்கும், 1985-இல் வண்டலூருக்கும் சென்றன.

இவ்வளவும் நூல்களில் உண்டு. அப்பூங்காவை அடுத்த பெரியமேட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு. 1895-இல் மின்சார டிராம் வந்த பின்னும் அந்நகரின் பாரத்தை இழுத்தவை மாடும் குதிரையுமே. உழைத்த மாடு, பால் கொடுத்த பசு, இறந்த அன்றே தீண்டத்தகாதவையாயின. நகரிலும் நாட்டுப்புறத்திலும் அவற்றை அகற்றுவதும் தோலுரிப்பதும் நம்மவர்க்கே விதிக்கப்பட்டன. பெரியமேட்டு மண்டிகளில் விலைபோன தோல் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அவ்வணிகத்தில் நம்மவர் சிலர் பொருளீட்டியதும் உண்டு. உரித்த பலருக்குக் கிடைத்தது இழிபெயரே.

கண்ணமங்கலத்தார்க்கு இது விளங்காததன்று. நம் பகுதித் தறிகளில் ஓடும் பட்டு, கூட்டுடன் வெந்நீரில் இடப்பட்ட புழுவின் நூல். அது மணவறைக்கும் கோயிலுக்கும் உகந்தது. தோல் தொட்டவன் குடியிருப்போ ஊருக்கு வெளியே. இரண்டும் இறந்த உயிரிலிருந்து வந்தவைதாமே என்று வகுப்பில் மாணவன் ஒருவன் வினவினான். நாம் அன்று விடை கூறாது அடுத்த பாடத்திற்குச் சென்றோம்.