கொழுக்கட்டைப் புல்

கொழுக்கட்டைப் புல் வறட்சி தாங்கும் பல்லாண்டுத் தீவனப் புல். தாவரவியல் பெயர் சென்கரஸ் சிலியாரிஸ். ஆப்பிரிக்கா, அரேபியா தொடங்கி இந்தியா வரையிலான வறள்நிலங்களே இதன் தாயகம். வட இந்தியாவில் அஞ்சன் புல் என்பார்கள். இதன் நெருங்கிய உறவான சென்கரஸ் செட்டிஜெரஸையும் கொங்கு விவசாயி கொழுக்கட்டைப் புல் என்றே சொல்வார்.

தூர் கட்டி வளரும். முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை போகும். கதிரில் ஒவ்வொரு விதையையும் மென்மயிர்க் கற்றை ஒன்று சுற்றியிருக்கும். அது ஆட்டின் மயிரிலும் ஆளின் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடும். பெரும்பாலும் கருவுறாமலேயே விதை பிடிப்பதால் மகசூலும் குணமும் தாய்ச்செடியைப் போலவே அமையும். கோடையில் மேலே சருகாகிக் கிடந்தாலும் வேர் ஆழத்தில் உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் தூரிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கொங்கு நாட்டுக்கு இந்தக் குணம்தான் வேண்டியிருந்தது. காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களின் கொரங்காடுகள் இப்புல்லை நம்பியே உருவானவை. கொரங்காடு என்பது தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நுழைவாயிலில் படல், நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறும். நிலத்தைப் பிரித்து வேலியிட்டு மாற்றி மாற்றி மேய விடுவதால் ஒரு பகுதி மேயப்படும்போது மற்றது தளிர்க்கும். மேய்க்க ஆளும் வேண்டாம். மழை ஓய்ந்து புல் காய்ந்தபின் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனியாகும். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்த காடு இது. சில ஆண்டுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ போட்டு, மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு.

கோயம்புத்தூர் வேளாண் ஆய்விலும் இதற்கு இடமுண்டு. இங்குள்ள நீலம் பூத்த இலையுடைய வகையை 1957இல் முதலியார், சுந்தரராஜ் இருவரும் சென்கரஸ் கிளாகஸ் என்று தனி இனமாக விவரித்தனர். பின்வந்தோர் சிலர் அதைப் பழைய இனத்திலேயே சேர்த்துவிட்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் இந்த நீலக் கொழுக்கட்டைப் புல்தான்.

சாகுபடிக்குச் செம்மண்ணும் மணற்பாங்கான வண்டலும் ஏற்றவை. தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். புது விதை சரியாக முளைக்காது. அறுத்து 6 முதல் 8 மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். விதை பஞ்சுபோல் இருப்பதால் மணலோடு கலந்து தூவி, லேசாக மூடினால் போதும். வேர்விட்ட தூர்களைப் பிரித்தும் நடலாம். முதல் அறுப்பு 70 நாளில் கிடைக்கும். பிறகு வளர்ச்சியைப் பார்த்து ஆண்டுக்கு 4 முதல் 6 அறுப்பு, ஹெக்டேருக்கு மொத்தம் 40 டன் வரை பசும்புல். வரிசைக்கிடையே முயல் மசால் போட்டால் தீவனத்தில் புரதம் கூடும். பூக்குமுன் அறுப்பது நல்லது. முற்றினால் சத்து இறங்கும். ஆக்சலேட் இருப்பதால் குதிரைக்கு இதை மட்டுமே போடக் கூடாது. சுண்ணாம்புச் சத்து குறையும்.

சூலூர்ப் பக்கம் கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் போடுகிறார்கள். 2008இல் வெளிவந்த அதன் கோ 4 ரகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் வரை தரும். டன் கணக்கில் கொழுக்கட்டைப் புல் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் நேப்பியருக்கு இறவை வேண்டும். மானாவாரி நிலத்தில் அந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

வெளிநாட்டில் இதன் பெயர் கெட்டுக் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் மேய்ச்சலுக்கென்று பரப்பப்பட்ட புல், எல்லை மீறிப் பெருகியது. காய்ந்தால் தீப்பற்றும், எரிந்தபின் தூரிலிருந்து தளிர்க்கும், நெருப்பறியாத சகுவாரோ கள்ளிகள் மட்டும் மடியும். கொங்கில் அந்தத் தொல்லை எழாததற்கு வாய் ஓயாத ஆடுமாடுகளும் ஒரு காரணம் எனலாம்.

புதிதாக விதைப்பவர்கள் முதல் பருவத்தில் மாட்டை உள்ளே விடக் கூடாது. வேர் பிடிக்குமுன் மேய்ந்தால் செடியே பிடுங்கிக்கொண்டு வரும்.